யானைக் காதுக்குப் பின்னால் நின்றவர்

ஒன்பதரைக்குச் சிலைக்கான பெயர்க்கல் வந்துவிடும் என்று பூங்கா மேனேஜர் பிரான்சிஸ் சார் நேற்றே சொல்லிவிட்டார். இப்போது மணி எட்டு இருக்கும். கேட்டிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து சறுக்குக்குப் பக்கத்தில் நிற்கிறேன், இனி சறுக்கிலிருந்து வேங்கை மரம், வேங்கை மரத்திலிருந்து சிலை, அதோடு இந்தப் பக்கம் முடிந்தது, நாள் தவறாமல் கூட்டுகிற வழிதான், ஆனால் இன்றைக்கு இந்தச் சீமாறு ஏனோ கனக்கிறது. ராத்திரி பெய்த மழையில் இலை மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, அதனால்தான், வேறொன்றும் இல்லை. இலையின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அது தானாக விழுகிறது, தானாக மக்குகிறது. இந்த ஜனங்கள் போட்டுவிட்டுப் போகிறதுதான், மிட்டாய்க் காகிதம், ஐஸ்குச்சி, குழந்தைக்குக் கட்டின நாப்கினைச் சுருட்டிப் புதருக்குள் வீசிவிட்டுப் போகிற மகராசிகள். காட்டையே வெட்டின காலத்தில்கூட இங்கே இவ்வளவு குப்பை இல்லை. சிராய், மரப்பட்டை, யானைச் சாணி, அவ்வளவுதான், எல்லாம் ஒரு மழைக்கு மண்ணாகிப் போகும். அப்போது இதற்கு ஒத்தக்கல் கூப்பு என்று பெயர். மரம் வெட்டுகிற இடத்தைக் கூப்பு என்போம். இப்போது ஒத்தக்கல் மரபுப் பூங்கா, பெயர்ப்பலகையில் யானைப் படம் போட்டு அம்புக்குறி காட்டியிருக்கிறார்கள். மரபு என்றால் என்னங்க சார் என்று ஒருநாள் கேட்டேன். முன்னாடி இருந்தது, இப்ப இல்லாதது, ஆனா மறக்கக் கூடாதது என்றார் பிரான்சிஸ் சார். அப்படிப் பார்த்தால் என் முழங்காலும் மரபுதான். சொன்னேன், சிரித்தார். நல்ல மனுஷன், அதுதான் பெரிய தொந்தரவு, கெட்டவராக இருந்தால் பொய் சொன்னது இப்படி உறுத்தாது.

பொய் என்று நான் சொல்லக் கூடாது. மூன்று வருஷமாக அந்தச் சொல்லை வாய்க்குள் வரவிடாமல்தான் வைத்திருந்தேன். அது ஒரு விரல் வைத்ததுதான், நான் வாயைத் திறந்து அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. பூங்கா வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, கூப்பில் எடுத்த பழைய போட்டோ ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். பதினோரு ஆண்கள், ஒரு யானை. இந்தப் போட்டோவில் இருக்கிறவர்களின் குடும்பத்துக்குத்தான் பூங்காவில் வேலை, மரபுக் குடும்பம் என்று அதற்கு ஒரு பெயர். நான் பார்க்கிறேன், ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன், எல்லாரும் நான் சோறு போட்டவர்கள், எங்கூட்டுக்காரர் மட்டும் இல்லை. எப்படி இருப்பார், அன்றைக்கு மர லாரியோடு பொள்ளாச்சி டிப்போவுக்குப் போனவர் மறுநாள்தான் வந்தார். பதினோரு வருஷம் இந்தக் கூப்பில் ரம்பம் இழுத்த மனுஷன், போட்டோக்காரன் வந்த ஒரே ஒரு நாள் ஊரில் இல்லை, இதுவும் ஒரு ராசிதான். யானைக்குப் பக்கத்தில் ஓர் ஆள், கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். போட்டோ எடுத்த அந்த நொடியில் யானை காதை வீசியிருக்கிறது. காது முகத்தை முழுக்க மறைத்துவிட்டது, கழுத்துக்குக் கீழேதான் தெரிகிறது. இவர் யாருன்னு மட்டும் தெரியலை என்றார் பிரான்சிஸ் சார். என் விரல் தானாகப் போய் அந்த யானைக் காதின் மேல் உட்கார்ந்தது. எங்கூட்டுக்காரருங்க, காளியப்பன், என்றேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாவாத்தாம்மா என்றார். கட்டினவளுக்குத் தெரியாதுங்களா என்றேன். அதோடு முடிந்தது. சட்டை போடாத ஒரு உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, அதை வைத்து எந்தப் பெண்டாட்டியும் புருஷனைச் சொல்லிவிடுவாள் என்று அவர் நம்பிவிட்டார். நானும் சொல்லிவிடுவேன்தான். அதனால்தானே அது அவர் இல்லை என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது.

சறுக்கு வழுக்குகிறது. மேலேயிருந்து மரத்தை உருட்டிவிட்ட பள்ளம் இது. இப்போது இரண்டு பக்கமும் கம்பி வைத்து, படிக்கட்டு வைத்து, நடுவில் ஒரு பைபர் மரத்துண்டைக் கட்டிவைத்திருக்கிறார்கள், அதன் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். முந்தாநாள் ஒரு பெண் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏங்க இவ்வளவு லேசாவா இருந்துச்சு அந்தக் காலத்து மரம் என்று கேட்டாள். ஆமாம் கண்ணு, ஊதினால் பறக்கும் என்று சொல்லியிருக்கலாம். அலுப்பாக இருந்தது, சும்மா இருந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கும் சும்மா இருந்துவிடுகிறேன். இந்தப் படியில் ஏற இடது முழங்கால் முதலில், வலது பின்னால், மாற்றினால் வலி உயிர் போகிறது. ஐம்பத்தெட்டு வயது. புதுக் காண்ட்ராக்ட்டு வருகிறதாம், ஐம்பத்தைந்து தாண்டின எல்லாரையும் நிறுத்தப் போகிறார்களாம், மரபுக் குடும்பத்து ஆட்களை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். பதினைந்தாம் தேதி லிஸ்ட்டு போகிறது. அந்தப் போட்டோவைப் பார்த்துச் செய்த கோடாலிக்காரர் சிலைக்குக் கீழே கல்லில் எங்கூட்டுக்காரர் பெயர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் அசைக்க முடியாது, உங்க பேரு ஒண்ணாவது நம்பர் என்று பிரான்சிஸ் சாரே சொன்னார், எனக்காகத்தான் கல்லை அவசரப்படுத்தினார். வேலை போனால் லைன் வீட்டு அறையும் போகும். அந்த அறை ஒன்றும் அரண்மனை இல்லை, மழைக்கு இரண்டு இடத்தில் குண்டா வைக்க வேண்டும், ஆனால் கதவைச் சாத்தினால் நான் உண்டு என் ரேடியோ உண்டு. இல்லாவிட்டால் திருப்பூர். மகன் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஒற்றை அறை, அதில் அவன், மருமகள், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மிஷின். வந்துரும்மா என்கிறான், மனசாரத்தான் சொல்கிறான். அவன் வந்துரும்மா என்று சொல்லும்போது பின்னால் தையல் மிஷின் சத்தம் ஒரு நொடி நிற்கும், அப்புறம் மறுபடி ஓடும். நான் எங்கே படுப்பேன் என்று அவளும் யோசிக்கிறாள், நானும் யோசிக்கிறேன். மிஷினுக்கு அடியில் படுக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இந்த இலையைக் குவித்தால் காற்று கலைக்கிறது, கலைத்தால் மறுபடி குவிக்க வேண்டும். வெள்ளிங்கிரி. இந்தப் பெயரை நான் நினைக்கவில்லை, அதுவாக வருகிறது, இந்த இடத்துக்கு வந்தால் தினமும் வருகிறது. யானைக் காதுக்குப் பின்னால் நின்றவர் அவர்தான். கோடாலியை இடது தோளில் சாய்த்தவர் அந்தக் கூப்பிலேயே ஒருத்தர்தான். இடது கைக்காரர். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் கீழேருந்து என்பார், கீழேதான் நாடு முழுக்க இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்த புதிது, பத்தொன்பது வயது, கூப்புக்குச் சமையல் என் பொறுப்பு, நாற்பது பேருக்குக் களியும் சோறும். எல்லாரும் தின்ற தட்டைப் போட்டது போட்டபடி எழுந்து போவார்கள், அவர் ஒருத்தர் மட்டும் ஓடையில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரே ஒருமுறை, உப்பு கம்மிங்க என்றார், சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுப் போனார். முன்பல்லுக்கு நடுவில் ஒரு சந்து. எங்கூட்டுக்காரரும் அவரும் ஜோடி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற பெரிய ரம்பம், ஒரு பக்கம் வலது கை, மறுபக்கம் இடது கை என்றால் ரம்பம் கோணாமல் நேராக ஓடுமாம், அதற்காக மேஸ்திரி இவர்களைச் சேர்த்தார். நான்கு வருஷம் அப்படி இழுத்தார்கள். புருஷன் என்னோடு பேசினதைவிட அவரோடு பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம். ரம்பம் இழுக்கிறவர்கள் பேசக் கூடாது, மூச்சுக் கெடும். மரம் சாயப் போகிறது என்றால்கூடக் கத்தமாட்டார்கள். மரத்துக்கு மேலே ஒரு ஆட்டம் வரும், அதை முதலில் பார்க்கிறவர் பிடியை விட்டுவிட்டு ஓடுவார். எதிரே இருக்கிறவர் கையில் பிடி திடீரென்று தளரும். தளர்ந்தால் ஓட வேண்டும். ஏன், என்ன என்று கேட்கக் கூடாது, அண்ணாந்து பார்க்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பிடி தளர்ந்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான் பாடம். அதற்காக அறுக்க ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் புதரை வெட்டி ஓடுவதற்கு ஒரு தடம் போட்டு வைத்துக்கொள்வார்கள். எதிரே நிற்கிறவன் கையை நம்பித்தான் பிழைப்பு. புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அந்த நம்பிக்கை கிடையாது, எங்களுக்குள் கிடையாது, எனக்குத் தெரியும்.

வந்தாயிற்று, இதுதான் அந்த வேங்கை. இதைச் சுற்றி வட்டமாகத் திண்டு கட்டி, மற்ற மரங்களின் அடிக்கட்டைகளை உட்காருகிற இடமாகப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு மரம்தான் இந்தப் பக்கத்தில் வெட்டுப்படாமல் நிற்கிறது, இல்லை, பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. இடுப்புயரத்தில் ரம்பம் போன தடம், இத்தனை வருஷத்தில் மேலும் கீழும் பட்டை வளர்ந்து தடித்து, மூடின உதடு மாதிரி ஆகிவிட்டது. வேங்கையை வெட்டினால் சிவப்பாக வடியும், ரத்தமேதான், பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. அந்தச் சிவப்பு காய்ந்து கறுத்து இன்னும் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பலகை. கருணை மரம். இம்மரத்தை அறுக்கத் தொடங்கிய தொழிலாளர்கள் இதன் பேரழகைக் கண்டு மனமிரங்கிப் பாதியில் விட்டுச்சென்றனர். படிக்கிறவர்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்று சொல்லி மரத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிறார்கள். இதுவும் என்னால் வந்ததுதான். இது ஏம்மா பாதியில நிக்குது என்று பிரான்சிஸ் சார் கேட்டார், பாதியில விட்டுட்டாங்க சார் என்றேன். மீதியை அவரே எழுதிக்கொண்டார். மனமிரங்கினார்களாம். மழை விடாத ஐப்பசி மாதம், மாசக் கடைசிக்குள் இத்தனை மரம் இறங்க வேண்டும் என்று மேஸ்திரி கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், மரத்தின் அழகை யார் பார்த்தார்கள். போட்டோ எடுத்து நான்கு மாதம் இருக்கும். பகல் சாப்பாட்டுக்கு முன்னால். நான் அடுப்படியில் இருந்தேன். ரம்பச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, நின்றது. நின்றால் மரம் விழுகிற சத்தம் வர வேண்டும். வரவில்லை. கையில் அகப்பையோடு நின்றுகொண்டே இருந்தேன், மரம் விழவே இல்லை, அதற்குப் பதிலாக எங்கூட்டுக்காரர் குரல், வெள்ளி, வெள்ளி என்று. பிடி தளர்ந்ததும் வெள்ளிங்கிரி ஓடியிருக்கிறார். அவர் போட்ட தடம் அந்தக் கரும்பாறை வரைக்கும்தான், அங்கே நின்றிருக்க வேண்டும், பாறையெல்லாம் பாசி. கீழே ஓடை. ஓடைக்கு மேற்கே புதைத்தார்கள், அந்த இடத்தில்தான் இப்போது பெண்கள் கழிப்பறை, அதையும் நான்தான் கழுவுகிறேன். மரம் முனகுச்சு, ரெண்டு பேரும் ஓடினோம், அவன் வழுக்கிட்டான் என்று எல்லாரிடமும் சொன்னார் எங்கூட்டுக்காரர். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, மரமே அசையலை, இவன் எதுக்குடா ஓடினான், ஓடத் தெரியாதவன் என்றார். அந்தப் பெயர் நின்றுவிட்டது. கூப்பில் யாராவது தடுக்கி விழுந்தால் வெள்ளிங்கிரி மாதிரி ஓடாதே என்பார்கள், சிரிப்பார்கள், எங்கூட்டுக்காரரும் கூட நின்றுகொண்டிருப்பார். ஆளைத் தின்ற மரத்தில் மறுபடி ரம்பம் வைக்கமாட்டோம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், மேஸ்திரி வெளியூர் ஆளைக் கூட்டிவந்தும் நடக்கவில்லை. மரம் பிழைத்தது. கருணை மரம்.

முழங்கால் நிற்க விடமாட்டேன் என்கிறது, இந்தக் கட்டையில் கொஞ்சம் உட்காரலாம், யாரும் இல்லை. ஒன்பது வருஷம் எனக்கும் தெரியாது. கூப்பு மூடி, நாங்கள் எஸ்டேட் வேலைக்குப் போய், மகன் பிறந்து அவனுக்கு நாலு வயது. பள்ளத்தில் விளையாடிவிட்டு வந்தவன் கழுத்தில் அட்டை, ரத்தம் குடித்துத் திராட்சை மாதிரி தொங்குகிறது. நான் உப்பு எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால், இவர் பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி எதையோ பிடித்த மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார். இப்படித்தான், என்றார். இப்படித்தான் புடிச்சிருந்தேன் பாவாத்தா, கழுத்துல ஊறுச்சு, தாங்க முடியலை, எடுத்துப் போடலாம்னு கையை விட்டேன், அவ்வளவுதான், ஒரே ஒரு அட்டைக்காக விட்டேன். நான் உப்போடு நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை அழுதான். விட்டதும் நிமுந்து பாக்கறேன், அவனைக் காணோம், ஏன்னுகூடக் கேக்கலை, ஓடிட்டான், என்னை நம்பி ஓடிட்டான் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. சரி விடுங்க, பிள்ளை பயப்படுறான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரும ஆரம்பித்து, இருமி இருமி ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை. அட்டை ஊறினால் யாரும் கையை எடுக்கத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்திருப்பேன். ஆனால் மேஸ்திரி ஓடத் தெரியாதவன் என்று சொன்னபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, நான்தான் கையை விட்டேன் என்று. அதைச் சொல்லாமல் விட்டாரே, அது எனக்கு ஆறவில்லை. இப்போது அதை நினைத்து அவர் மேல் கோபப்பட எனக்கென்ன யோக்கியதை. அவராவது பயத்தில் ஒரு வார்த்தையை முழுங்கினார். நான் வெள்ளிங்கிரியின் உடம்பையே எடுத்து அவருக்குப் போட்டுவிட்டேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, குழி இருந்த இடமும் இல்லை, கடைசியாக ஒரு போட்டோவில் தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார், அதையும் பிடுங்கிக்கொண்டேன். யாருக்கு நஷ்டம், கேட்க ஆளில்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்க ஆளில்லை என்பதுதான் உறுத்துகிறது.

எழுந்திரு, மணியாகிவிட்டது. சிலையைச் சுற்றிக் காக்கை எச்சம், துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். யானை நன்றாகவே செய்திருக்கிறார்கள். பாகன் சிலையும் பரவாயில்லை, அதற்குப் பெயர்க்கல் போன மாதமே வைத்தாயிற்று. இந்தப் பக்கம் இவர். கோடாலி இடது தோளில், போட்டோவில் இருந்தபடியே. வீட்டுக்காரர் இடது கையா என்று பிரான்சிஸ் சார் கேட்டார், ஆமாங்க என்றேன், வாய்க்கு வந்தபடி எல்லாவற்றுக்கும் ஆமாங்க. மகன் ஒருமுறை வந்தவன் சிலையையே பார்த்துவிட்டு, அப்பா எப்பம்மா இடது கை ஆனாரு என்றான், திருப்பி வெச்சுட்டாங்க கண்ணு என்று மழுப்பினேன். முகம் போட்டோவில் இல்லை என்பதால் சிமெண்ட்டு வேலைக்காரர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தார். மூக்கு எப்படி, தாடை எப்படி. எங்கூட்டுக்காரர் முகத்தைத்தான் சொன்னேன், சத்தியமாக அவரைத்தான் சொன்னேன். பல்லு எப்படிங்கம்மா என்றார். முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு சந்து இருக்குமுங்க என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய பல் என்று நினைவு வந்தது. அதனால் இந்த மூஞ்சி யாருமில்லாத ஒரு மூஞ்சி. நெற்றி எங்கூட்டுக்காரருடையது, வாய் வெள்ளிங்கிரியுடையது. தினமும் காலையில் இதைத் துடைக்கும்போது கண்ணைப் பார்க்கமாட்டேன், நெற்றியை மட்டும் பார்த்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு வாயும் துடைக்க வேண்டியிருக்கிறது, காக்கை அங்கேதான் போட்டிருக்கிறது. உப்பு கம்மிங்க. நாற்பது வருஷமாகிறது, இன்னும் குழம்பு கொதிக்கும்போது உப்பைப் போடும் நேரத்தில் அந்தக் குரல் கேட்கிறது, இன்னொரு சிட்டிகை போடுகிறேன். பிரஷர் வந்துவிட்டது எனக்கு, உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். சிரிப்பாக இருக்கிறது. கேட்டில் வண்டிச் சத்தம். வந்துவிட்டது.

கல் வேலைக்காரர் அங்கமுத்து உடுமலையிலிருந்து வந்திருந்தார், நாற்பது வயதிருக்கும், வாயில் வெற்றிலை. கறுப்புக் கல்லைச் சாக்கில் சுற்றித் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து சிலைக்கு முன்னால் நிறுத்தினார். பீடத்தில் சிமெண்ட்டு பூசினார். பிரான்சிஸ் சார் கொஞ்ச தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார், பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி வருகிறாராம், சால்வை இருக்கிறதா, பூ இருக்கிறதா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். சால்வை எனக்குத்தானாம்.

"அம்மா, ஒரு கை புடிக்கறீங்களா? கூட வர்றவன் இன்னைக்கு வரலைங்க. ரெண்டு பேரு புடிச்சாத்தான் ஏத்த முடியும்."

சாக்கை உருவினார். காளியப்பன், த/பெ மாரண்ணன், மரம் அறுப்பவர், ஒத்தக்கல் கூப்பு. எழுத்துக்குள் வெள்ளைப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. என் புருஷன் பெயரைக் கல்லில் பார்க்கிறேன், அழுகை வர வேண்டும், வந்தது, ஆனால் அது அவருக்காக வந்ததாகத் தெரியவில்லை. அங்கமுத்து அந்த முனையைப் பிடித்தார், நான் இந்த முனையைப் பிடித்தேன். எதிரெதிரே நிற்கிறோம்.

"நான் சொல்றப்ப விடுங்க. அதுவரைக்கும் விட்றாதீங்க, கால் மேல விழுந்தா எலும்பு நொறுங்கிப் போயிருமுங்க" என்றார்.

தூக்கினோம். கல்லின் கனம் என் கையில் பாதி, அவர் கையில் பாதி. ஓ, இப்படித்தான் இருந்திருக்கும். எதிரே இருக்கிறவரின் மூச்சுக்கூட இதன் வழியாகத் தெரிகிறது. நான்கு வருஷம் இப்படி. அங்கமுத்து என் முகத்தைப் பார்க்கவில்லை, பீடத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் அடியெடுத்து வைக்கிறார், நான் பிடித்திருக்கிறேன் என்ற தைரியத்தில். பதினைந்தாம் தேதி, லைன் வீட்டு அறை, ரேடியோ, தையல் மிஷின், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பயம் போகவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ரொம்ப அலுப்பாக இருந்தது, இந்தக் கல்லைவிட அந்த விரலை மூன்று வருஷமாக அங்கேயே வைத்துக்கொண்டிருந்த அலுப்பு.

"தம்பி, கால எடுத்துக்கங்க" என்றேன்.

"ஏனுங்க?"

"எடுங்க சாமி. நான் உடப்போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பார்த்ததும் என்ன தெரிந்ததோ, பிடியை விட்டுத் துள்ளிப் பின்னால் போனார். நானும் விட்டேன். கல் பீடத்தின் விளிம்பில் பட்டு, சரியாகக் காளியப்பன் என்ற எழுத்துக்கு நடுவில் இரண்டாகப் போனது.

"ஏனுங்கம்மா, என்னாச்சு?"

"அட்டைங்க" என்றேன். அந்தச் சொல்தான் வந்தது. அங்கமுத்து என் காலைப் பார்த்தார். பூங்காவில் கொடுத்த பூட்ஸ், முழங்கால் வரைக்கும்.

"பூட்ஸுக்குள்ளயாங்க?"

பிரான்சிஸ் சார் போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடி ஒன்றும் படலையே என்று முதலில் அதைத்தான் கேட்டார். "சரி, போகட்டும். இப்போதைக்கு ஒரு பிளெக்ஸ் அடிச்சு ஒட்டிக்கலாம். அங்கமுத்து, அதே எழுத்து, வேற கல்லுல எப்ப முடியும்?"

"அதே எழுத்து வேண்டாமுங்க சார்" என்றேன். "அட்டை ஒண்ணும் கடிக்கலைங்க. நானேதான் உட்டேன். இவரு எங்கூட்டுக்காரர் இல்லீங்க. இவரு பேரு வெள்ளிங்கிரி."

அவர் போனை அணைத்தார். "பாவாத்தாம்மா, லிஸ்ட்டு பதினஞ்சாம் தேதி போகுது. நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுமுங்க சார்."

"எனக்குக் காதுல விழலைன்னு வெச்சுக்கிட்டா?"

நல்ல மனுஷன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "கேட்டுக்குங்க சார். அந்தக் கருணை மரத்துப் பலகையும் பொய்யிங்க. எல்லாத்தையும் சொல்றேன், உக்காந்து சொல்றேன், முழங்கால் நிக்கல."

அங்கமுத்து நடுவில் என்ன நடக்கிறது என்று புரியாமல், வேலை கெட்டுப்போன எரிச்சலில், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஓர் அட்டைப்பெட்டித் துண்டைக் கிழித்துக்கொண்டார். "பேரு வெள்ளிங்கிரி. சரிங்க. அப்பா பேரு?"

"தெரியாதுங்க."

"ஊரு?"

"கீழேங்க. அவ்வளவுதான் சொல்லுவாரு."

"வெறும் பேர மட்டும் எழுதுனா கல்லு மொட்டையா இருக்குமுங்கம்மா. என்னதான் போடறது?"

சிலையின் வாயைப் பார்த்தேன். இப்போதுதான் நேராகப் பார்க்கிறேன். பல்லுக்கு நடுவில் அந்தச் சந்து.

"இடது கைக்காரர்னு போடுங்க" என்றேன். "அதுக்குக் கீழ, நல்லா ஓடத் தெரிஞ்சவர்னு போடுங்க."

அங்கமுத்து பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தார்.